சுமை மோட்டார் வண்டிகளின் முன் வில்லமைப்பு

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் நெல், மணிலாக்கொட்டை, முந்திரி முதலிய விளைபொருள்களை விற்பனைக்கூடத்திற்குக் கொண்டுசெல்லும் வேலையைப் பாரவண்டிகளிடமிருந்து சிறு சுமை மோட்டார்கள் பெரிதும் ஏற்றுக்கொண்டுவிட்டன. இவற்றை வாங்குவோர் எஞ்சினின் சக்தியையும் விலையையும் விசாரிப்பதே வழக்கம். முன் சக்கரங்கள் எவ்விதம் தாங்கப்பட்டிருக்கின்றன என்பதையும் ஆராய்தல் அவசியமாகும்.

இவ்வமைப்பு இருவகைப்படும். முதலாவது ஒரே அச்சு முறை. வில்வண்டியில் இருப்பதுபோல, இரு சக்கரங்களையும் இணைக்கும் கெட்டியான அச்சு கமான் பட்டைகளால் தாங்கப்படும். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த டாட்டா ஏஸ், 2011இல் வெளிவந்த அசோக் லேலண்டு தோஸ்த் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது தனித் தாங்கு முறை. இதில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே சுருள் வில்லினால் தாங்கப்படுகிறது. 2016இல் வெளிவந்த மாருதி சூப்பர் கேரி, இசுசு டி-மாக்ஸ் ஆகியவை இதற்கு உதாரணங்கள். அமெரிக்காவில் இலகுவான போர்டு எப்-150 வண்டிக்குத் தனித் தாங்கு முறையும், அதனினும் கனமான எப்-250இன் நான்கு சக்கர இயக்க வகைக்குக் கெட்டி அச்சும் அமைக்கப்படுகின்றன.

ஒரே அச்சில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் உடன் சாயும். ஆதலின் குலுக்கல் அதிகம். ஆயினும் உறுப்புகள் சில. பாரம் ஏறினாலும் சக்கரத்தின் சாய்வு மாறுவதில்லை. தனித் தாங்கு முறையில் குலுக்கல் குறைவு. சக்கரங்கள் சாலையை நன்கு பற்றும். பழங்கள் நசுங்குவதும் குறையும். ஆனால் மூட்டுகளும் ரப்பர் புஷ்களும் பல. அவை தேய்ந்தால் சக்கரம் சாய்ந்து, டயர் ஓரத்தில் மட்டும் தேயும்.

ஆகவே கரடுமுரடான வண்டிப்பாதையில் நாள்தோறும் முழுப் பாரம் ஏற்றுவோருக்கு ஒரே அச்சு முறையும், தார்ச்சாலையில் காய்கனிகளை விரைந்து அனுப்புவோருக்குத் தனித் தாங்கு முறையும் ஏற்றவை.

கூடுதல் பட்டைகளைச் சேர்த்து மிகுபாரம் ஏற்றுவது பெருந்தவறு. பட்டை கூடினாலும் அச்சு, பிரேக்கு, டயர் இவற்றின் வலிமை கூடுவதில்லை. பதிவுப் புத்தகத்தில் கண்ட எடையே வரம்பு. மூட்டைகளைப் பின் அச்சுக்கு அப்பால் குவித்தால் முன்புறம் இலேசாகித் திருப்பும் சக்கரம் ஓட்டுநரின் கைக்கு அடங்காது. பாரத்தை அச்சுகளுக்கிடையே சீராகப் பரப்புதல் வேண்டும்.

ஒரே அச்சு வண்டியில் கிங்பின்னுக்குக் கிரீஸ் இடுதலையும், பட்டையைப் பிணைக்கும் போல்டுகளை முடுக்குதலையும் தவறாது செய்க. தனித் தாங்கு வண்டியில் மூட்டுகளையும் சக்கரச் சீரையும் அவ்வப்போது சோதித்தல் நலம். டயரின் தேய்மானமே முதல் எச்சரிக்கை. அதனைக் கண்டவுடன் பழுது நீக்கினால் பொருளும் உயிரும் காக்கப்படும்.