கிரீன் கார்டு வராது என்றே திட்டம் போடுங்கள்

பெங்களூரில் பெல்லந்தூரிலோ ஒயிட்ஃபீல்டிலோ வேலை பார்த்து, ஆன்சைட் கிடைத்து அமெரிக்கா போய், எச்-1பி விசாவிலேயே பல வருஷம் ஓட்டிவிட்டவரா நீங்கள்? கணக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேலை வழியாக அமெரிக்கா வருஷத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு தருகிறது. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதம்தான் உச்சவரம்பு. மனைவி, பிள்ளைகளும் அதற்குள்ளேயே வருவார்கள். வரிசையில் நிற்கும் இந்தியர்களோ லட்சக்கணக்கில். இன்று சேர்பவர் ஓய்வு பெறுவதற்குள் கார்டைப் பார்ப்பார் என்று எந்த வக்கீலும் எழுதிக் கொடுக்க மாட்டார்.

ஆகவே, வராவிட்டாலும் நஷ்டமில்லாதபடி காயை நகர்த்துங்கள்.

முதலில் ஐ-140, அதாவது உங்கள் கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு. எச்-1பியின் ஆயுள் ஆறு வருஷம். ஐ-140 ஒப்புதலாகிவிட்டால், வரிசை நகராத வரை மூன்று மூன்று வருஷமாக நீட்டிக்கொள்ளலாம். ஒப்புதலாகி 180 நாள் கடந்துவிட்டால், கம்பெனி மனுவை வாபஸ் வாங்கினாலும் அதை வைத்து நீட்டிப்பு கேட்கலாம். வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் பிரையாரிட்டி டேட், மோசடியோ பிழையோ கண்டு ரத்து செய்தாலொழிய, உங்களுடையதுதான். வேலை மாறினாலும் பெங்களூர் திரும்பினாலும் அது கூடவே வரும். ஆனால் ஒப்புதல் கடிதம் உங்கள் வீட்டுக்கு வராது, கம்பெனிக்கும் வக்கீலுக்கும்தான் போகும். எச்ஆரிடம் நகல் கேளுங்கள். தர மறுத்தால், மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் கொண்ட ரசீது எண்ணையாவது வாங்கி வையுங்கள். ராஜினாமா கொடுத்தபின் கேட்டால் பதில் வருவது கஷ்டம்.

அந்தத் தேதி எதற்கு என்கிறீர்களா? பெங்களூர்தான் பதில். பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் பலவற்றுக்கும் அவுட்டர் ரிங் ரோட்டிலோ மான்யதா டெக் பார்க்கிலோ ஒரு ஜிசிசி, அதாவது கம்பெனியின் சொந்த இந்திய மையம், இருக்கிறது. அங்கே மேனேஜராக ஒரு வருஷம் முழுதாக வேலை பார்த்தவரை, அதே கம்பெனி எல்-1ஏ விசாவில் அமெரிக்காவுக்குத் திரும்ப அழைக்கலாம். ஈபி-1சி பிரிவில் கிரீன் கார்டுக்கும் மனுப் போடலாம். அந்த வரிசை, பெரும்பாலான இந்தியர்கள் நிற்கும் ஈபி-2, ஈபி-3 பிரிவுகளைவிட மிகக் குட்டை. உங்கள் பழைய தேதி அங்கும் செல்லும் என்பதுதான் விசேஷம். பத்து வருஷம் காத்திருந்தது வீண் போகாது.

விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று போட்டால் மட்டும் போதாது. கோடு எழுதிக்கொண்டே நாலு பேரை மேய்க்கும் டீம் லீட் இதில் தேறுவது கடினம். ஆள் எடுப்பது, அப்ரைசல் போடுவது, பட்ஜெட் பார்ப்பது உங்கள் கையில் இருக்க வேண்டும். உங்களுக்குக் கீழே இருப்பவர்கள் பட்டம் பெற்ற தொழில் வல்லுநர்களாகவோ, மேனேஜர்களாகவோ இருக்க வேண்டும். ஆர்க் சார்ட்டை அவ்வப்போது சேமித்து வையுங்கள். திரும்ப அழைத்துக்கொள்வோம் என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நான் ஒரு பொருட்டாகவே எடுக்க மாட்டேன், மின்னஞ்சலில் வரட்டும்.

எச்-1பியிலேயே திரும்பிப் போய்க்கொள்ளலாம் என்ற பழைய நம்பிக்கைக்கு இப்போது விலை அதிகம். வெளிநாட்டில் இருப்பவருக்காக 2025 செப்டம்பர் 21 முதல் போடும் புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று வெள்ளை மாளிகை அறிவித்தது. எல்-1க்கு அந்த அறிவிப்பு பொருந்தாது.

லீவில் ஊருக்கு வந்து சென்னையில் ஸ்டாம்பிங் முடித்துத் திரும்புவதும் முன்போல் சுலபமில்லை. 2025 டிசம்பரில் சமூக ஊடகச் சோதனையைக் காரணம் காட்டிப் பலரின் நேர்காணலை மாதக்கணக்கில் தள்ளிவைத்தார்கள். இந்தியாவிலிருந்து எத்தனை நாள் வேலை பார்க்கலாம் என்று டிக்கெட் போடுமுன் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலையே போய்விட்டால் அமெரிக்காவில் இருக்க அதிகபட்சம் 60 நாள்தான். ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியாக இருக்கட்டும்.

வீட்டுக்காரருக்கோ வீட்டம்மாவுக்கோ எச்-4 ஈஏடி, அதாவது சார்பு விசாவில் வேலை அனுமதி, இருந்தால் புதுப்பிப்பைக் கடைசி மாதம்வரை தள்ளாதீர்கள். விண்ணப்பித்தாலே தானாக நீளும் சலுகையை 2025 அக்டோபர் 30 முதல் எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு 21 வயதானால் எச்-4 முடிந்தது. அங்கே பிறந்த பிள்ளை 2021 மார்ச் 4க்குப்பின் வாங்கிய ஓசிஐ கார்டோடு இங்கே வந்தால், 2021 அறிவிப்பின்படி, நீட் போன்ற தேர்வெழுதி என்ஆர்ஐ இடத்துக்குத்தான் போட்டியிடலாம்; ஃபீஸ் எவ்வளவு என்று இப்போதே விசாரித்து வையுங்கள். என்னைக் கேட்டால், ஒன்பதாம் வகுப்புக்குமுன் எந்த நாடு என்று முடிவு செய்துவிட வேண்டும்.

பண விஷயத்தில் இரண்டே இரண்டு. அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட், அதாவது சுமார் பத்து வருஷ வேலை, வேண்டும். இந்தியாவோடு அதற்கு ஒப்பந்தம் இல்லாததால் இங்கே கட்டிய பிஎஃப் அந்தக் கணக்கில் சேராது. ஒன்பதரை வருஷம் ஆனவர் கொஞ்சம் பொறுப்பது நல்லது. அடுத்தது, திரும்பும் மாதம். நீண்ட காலம் வெளியே இருந்தவர் அக்டோபர் பாதிக்குமேல் வந்தால் அந்த நிதியாண்டில் பெரும்பாலும் என்ஆர்ஐயாகவே இருப்பார். அதன்பின் ஓரிரு வருஷம் ஆர்என்ஓஆர் (வழக்கமாக வசிக்காத குடியிருப்பாளர்) தகுதி கிடைக்கும். அமெரிக்க வட்டிக்கும் டிவிடெண்டுக்கும் அதுவரை இங்கே வரி இல்லை. இடையில் ஊருக்கு வந்துபோன நாட்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதால், பாஸ்போர்ட்டோடு ஆடிட்டரைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.