சராசரியில் மறையும் சிசு மரணம்

ஒரு நாட்டின் சுகாதார நிலையை அளந்தறிய உதவும் அளவைகளுள் சிசு மரண விகிதம் தலையாயது. ஓராண்டில் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு, ஒரு வயது நிறைவதற்குள் இறப்பவை எத்தனை என்பதே இவ்விகிதமாகும். 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி இது இந்தியாவில் 28, மத்தியப் பிரதேசத்தில் 43, கேரளத்தில் 6.

கேரளம் இந்நிலையை ஒரே நாளில் எய்தவில்லை. பெண் கல்வியும், அம்மை குத்துதலும், அண்மையிலேயே அமைந்த மருத்துவமனைகளும் நெடுங்காலம் துணை நின்றன. 1930-களிலேயே ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் நெய்யாற்றின்கரையில் சுகாதார நிலையம் ஒன்று கிராமப் பணியில் ஈடுபட்டிருந்தது.

ஆயினும் சராசரி எண் முழு உண்மையையும் உரைப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். ஒரு வட்டாரத்தில் 1,000 பிறப்புகள். 7 சிசு மரணங்கள். விகிதம் 7. இவற்றுள் சாலையோர ஊர்களில் 900 பிறப்புகளும் 3 மரணங்களும், மலையடிக் குடியிருப்புகளில் 100 பிறப்புகளும் 4 மரணங்களும் நேர்ந்தன எனக் கொள்வோம். முன்னதன் விகிதம் ஏறத்தாழ 3. பின்னதன் விகிதம் 40! இது வெறும் கற்பனையன்று. 2013-இல் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் பழங்குடிச் சிசுக்கள் பல மடிந்தபோது, மாநிலச் சராசரி குறைவாகவே இருந்தது. தாய்மாரின் ஊட்டக்குறைவும், இரத்தசோகையும், எடை குறைந்த பிறப்பும் அங்கு முதன்மைக் காரணங்களாகக் காணப்பட்டன.

நெய்யாற்றின்கரை வட்டத்து ஆரியங்கோடு போன்ற எல்லையோர ஊர்களில் மற்றொரு கவனமும் வேண்டும். பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் பெண் மாநில எல்லையைக் கடக்க நேரிடலாம். அப்போது குழந்தையின் பெயர் இருபுறத்துப் பதிவேடுகளிலும் விடுபடக்கூடும். ஆகவே தாய் சேய் நல அட்டையை உடன் கொண்டு செல்லுமாறு சொல்லி, அவள் திரும்பியதும் தடுப்பூசிப் பதிவை ஒப்பிட்டுப் பார்த்தல் களப்பணியாளரின் கடமையாகும்.

இந்தியாவில் சிசு மரணங்களுள் பத்தில் ஏழு, பிறந்த 28 நாட்களுக்குள்ளேயே நிகழ்கின்றன. குறைமாதப் பிறப்பு, பிறக்கையில் மூச்சுத் திணறல், தொற்று ஆகியவை இவற்றின் பெருங்காரணங்கள். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் புகட்டுதல், எடை குறைந்த சிசுவைத் தாயின் மார்போடு அணைத்து வெப்பம் காத்தல், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே தருதல் ஆகியவை செலவின்றி உயிர் காப்பன. மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் வீட்டிற்கு 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் ஆஷா பணியாளர் செல்லுதல் வேண்டும். பால் குடிக்க மறுத்தல், உடல் சில்லிடுதல், மூச்சு விரைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் மருத்துவமனைக்கு அனுப்புதல் அவசியம்.

வயிற்றுப்போக்கிற்கு உப்பு–சர்க்கரைக் கரைசல் சிறந்த காப்பாகும். 1971-இல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் இதன் பயனை மெய்ப்பித்தார். பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தூய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுக, தாய்ப்பாலை நிறுத்தற்க.

ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கை வகுப்பில் செய்து காட்டலாம். களப்பணியாளரோ தம் பதிவேட்டைக் குடியிருப்பு வாரியாகப் பிரித்து நோக்குக. எந்தக் குடியிருப்பில் மரணம் மிகுகின்றதோ, அடுத்த வருகை அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.