மகள் சொன்னதை முதலில் எழுதி வையுங்கள்

கேள்வி: படிவம் 2இல் படிக்கும் என் மகளின் உடலைப் பற்றி ஓர் ஆசிரியர் வகுப்பில் அசிங்கமாகப் பேசுகிறாராம். புகார் செய்தால் பள்ளியின் பெயர் கெடும் என்கிறார்கள். என்ன செய்வது? – ஒரு தாய், ஜார்ஜ்டவுன்

பதில்: அம்மா, பள்ளியின் பெயரைவிட உங்கள் பிள்ளை பெரியவள். 2021இல் சிலாங்கூர் மாணவி அயின் ஹுஸ்னிசா, வகுப்பில் வன்புணர்வு பற்றிக் கேலி பேசப்பட்டதாக டிக்டாக்கில் சொன்ன பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. உங்கள் மகளுக்கு அந்த நிலை வேண்டாம்.

சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017இலிருந்து நடப்பில் உள்ளது. தொட்டால்தான் குற்றம் என்றில்லை. பாலியல் நோக்கத்தோடு பேசுவதும் சைகை காட்டுவதும் குற்றமே. செய்தவர் ஆசிரியர் என்றால் தண்டனை கூடும். குற்றம் தெரிந்தும் மறைப்பவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. இது தலைமையாசிரியருக்கும் பொருந்தும்.

இன்றிரவே ஒரு நோட்டில் தேதி, பாடவேளை, அந்த ஆசிரியர் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் மகள் சொன்னபடியே எழுதுங்கள். நாகரிகமாக மாற்றி எழுத வேண்டாம். திரும்பத் திரும்பக் கேட்டு அவளை வதைக்கவும் வேண்டாம். அதை வைத்துப் புகார்க் கடிதம் எழுதிப் பள்ளியில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் பள்ளி முத்திரை வாங்குங்கள். மாநிலக் கல்வி இலாகாவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். போலீஸில் புகார் செய்ய, பள்ளி விசாரணை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

தனியாகப் போகத் தயக்கமா? 1985 முதல் பினாங்கில் இயங்கும் மாதர் மாற்ற மையம் துணை நிற்கும். தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999, இரவிலும் அழைக்கலாம்.