நடந்து கற்போம் நம் நகரை

சென்னையில் பிறந்து வளர்ந்தும் நம்மில் பலர் சென்னையை அறியோம். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே பேருந்துச் சன்னல் வழியாகக் கண்டதே நமக்கு நகரம். இக்குறையைப் போக்க நல்லதொரு வழி, ஊரறிந்த ஒருவர் வழிகாட்ட நடந்து சென்று காணும் 'மரபு நடை'. ஆங்கிலேயர் இங்கு நிலம் பெற்ற 1639ஆம் ஆண்டை நினைவுகூரும் சென்னை தினம் 2004 முதல் ஆகஸ்டு மாதத்தில் கொண்டாடப்படுகிறது. அப்போது இத்தகைய நடைகள் பல நடைபெறுகின்றன. பலவற்றுள் நமக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

முதலாவது, எதைக் கற்கப் போகிறோம் என்று தெளிதல் வேண்டும். வரலாறு வேண்டுவோர்க்கு மயிலாப்பூர் உண்டு. கபாலீசுவரர் கோயில், லஸ் பிரகாச மாதா கோயில், சாந்தோம் பேராலயம் ஆகிய மூன்றையும் இரண்டு மூன்று கிலோமீட்டர் நடையில் கண்டுவிடலாம். மரங்களை விரும்புவோர்க்கு அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம் உண்டு. அங்குள்ள பெரிய ஆலமரத்தின் நடு அடிமரம் 1989இல் புயலில் சாய்ந்தது. விழுதுகளோ இன்றும் மரத்தைத் தாங்கி நிற்கின்றன. உயிரினங்களை நேசிப்போர், கடல் ஆமைகளைக் காக்க 1988 முதல் உழைத்துவரும் மாணவர் அமைப்பினருடன் செல்லலாம். சனவரி முதல் சில மாதங்கள், ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலத்தில், பெசன்ட் நகர்க் கடற்கரையில் அவர்கள் இரவில் நடக்கிறார்கள்.

இரண்டாவது, காலமும் இடமும் பொருந்த வேண்டும். மயிலாப்பூர் மாடவீதிகளை வெயில் ஏறுமுன் காண்பதே நலம். தியாகராய நகர் 1920களில் பழைய ஏரிப் பகுதியில் உருவான குடியிருப்பு. அதன் அமைப்பை விளக்கும் நடையைத் தீபாவளி நெருங்கும் மாலையில் வைத்தால், கூட்டத்தைத் தவிர வேறொன்றும் காண மாட்டோம். இருபது பேருக்கு மேற்பட்ட குழுவாயின் பின்னால் வருவோர்க்கு வழிகாட்டியின் குரல் எட்டாது.

மூன்றாவது, எல்லாவற்றினும் முக்கியமானது வழிகாட்டியின் நேர்மை. கதையைக் கதை என்றும், சான்றைச் சான்று என்றும் பிரித்துச் சொல்பவரே நல்ல வழிகாட்டி. லஸ் கோயிலில் 1516 என்னும் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு உண்டு. கடலில் வழி தவறிய போர்த்துக்கீசிய மாலுமிகளை ஓர் ஒளி கரை சேர்த்தது என்பது வழிவழி வந்த செய்தி. புனித தோமையார் கி.பி. 52இல் இந்தியா வந்து 72இல் இங்கு உயிர்த்தியாகம் செய்தார் என்பது நம் முன்னோர் போற்றிய மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ இவ்வூர்க் கல்லறையைப் பற்றி எழுதியிருப்பது எழுத்துச் சான்று. இன்று நாம் காணும் பேராலயக் கட்டடம் 1896இல் எழுந்தது. அதுபோலவே, கபாலீசுவரரின் பழைய கோயில் கடலோரத்தில் இருந்தது என்றும், இன்றைய கோயில் போர்த்துக்கீசியர் வந்த பின்னர் எழுந்தது என்றும் வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். இதனை மறைக்காமலும் எவர் மனத்தையும் புண்படுத்தாமலும் ஒருவர் எடுத்துரைப்பாராயின், அவரை நம்பிப் பின்தொடரலாம். உண்மையைக் கேட்பதால் நம் விசுவாசம் குறைவதில்லை. அயலார் மீது நமக்குள்ள மரியாதை கூடுகிறது. ஆகவே பெயர் கொடுக்குமுன், "இச்செய்தி தங்களுக்கு எதிலிருந்து கிடைத்தது, ஐயா?" என்று பணிவோடு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கோபிப்பவரை விட்டுவிடுங்கள், மகிழ்ந்து விளக்குபவரிடம் சேருங்கள்.

நான்காவது, பாதுகாப்பும் ஒழுங்கும். கட்டணம் எவ்வளவு, நடை எங்கே முடியும், உடன் வரும் பெரியவர் யார் என்பவற்றைப் பெற்றோர் முன்கூட்டியே விசாரித்தறிய வேண்டும். இரவு நடைக்குப் பெற்றோரோ ஆசிரியையோ உடன்வருதல் அவசியம். கடற்கரையில் நம் விருப்பப்படி விளக்கடிக்கலாகாது. வெளிச்சம் ஆமைக்குஞ்சுகளைக் கடலுக்குச் செல்லும் வழியினின்று திருப்பிவிடும். வழிபாட்டுத் தலம் எதுவாயினும் அடக்கமான உடையும் அமைதியும் வேண்டும். படம் எடுக்க அனுமதி கேட்டல் நன்று. தண்ணீரும் ஒரு குறிப்பேடும் கையில் இருக்கட்டும்.

வீடு திரும்பியதும், குறிப்பேட்டில் 'கண்டவை', 'கேட்டவை' என இரு பத்திகள் பிரித்து எழுதுங்கள். கேட்டவற்றுள் ஒன்றையேனும் பள்ளி நூலகத்தில் தேடிச் சரிபாருங்கள். நடந்த களைப்பு மறுநாள் தீர்ந்துவிடும். மெய்யைத் தேடும் இப்பழக்கமோ வாழ்நாள் முழுதும் நமக்குத் துணைநிற்கும்.