விரல் வைத்துப் படிக்க வேண்டிய படம்

அன்புள்ள தம்பிக்கு,

கடிதமும் கூட வைத்திருந்த பழைய சாலைப்பட நகலும் கிடைத்தன. "சாலை கம்பி மாதிரி நேராக ஓடுகிறது, வடக்கு ஓரிடத்தில் மேலே, ஓரிடத்தில் பக்கவாட்டில், போதாக்குறைக்குச் சில மலைகள் தலைகீழாகத் தொங்குகின்றன. 1675-இல் மனுஷனுக்குப் படம் வரையவே தெரியாதா?" என்று கேட்டிருக்கிறாய். பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும். உன் தப்பு ஒன்றே ஒன்றுதான்: அதை மேலிருந்து கீழே பார்த்திருக்கிறாய்.

வரைவித்தவரை முதலில் தெரிந்துகொள். ஜான் ஓகில்பி. நடனம் சொல்லிக்கொடுத்தார், டப்ளினில் நாடக அரங்கு நடத்தினார், ஹோமரை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1666-இல் லண்டன் பற்றி எரிந்தபோது சேர்த்ததையெல்லாம் பறிகொடுத்தார். அதற்குப் பிறகு, 75 வயதை நெருங்கும்போது, இங்கிலாந்து, வேல்ஸ் சாலைகளை 100 படத்தகடுகளில் 'பிரிட்டானியா' என்ற புத்தகமாகக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைப் போய் வரையத் தெரியாதவர் என்கிறாய்.

உன் நகல் அந்தத் தகடுகளில் ஒன்று. இப்போது அதை எடு. நீளமான துணி நாடாவை மடித்து மடித்து வைத்தது போலப் பட்டை பட்டையாக இருக்கிறதல்லவா? இடது கீழ் மூலையில் லண்டன். அங்கே விரலை வை. மேலே போ. பட்டை முடிந்ததும் அடுத்த பட்டையின் அடிக்கு வா, மறுபடி மேலே. இப்படியே அக்ஸ்பிரிட்ஜ், பீகன்ஸ்ஃபீல்டு, ஹை விக்கம் என்று ஊர்கள் வரும். குதிரையில் போகிறவனுக்குச் சாலை எப்போதும் முன்னால்தானே இருக்கிறது? அதனால்தான் படத்திலும் அது மேல்நோக்கியே போகிறது. வளைவையெல்லாம் வளைத்துக்கொண்டிருந்தால் பட்டைக்குள் அடங்காது. ஆகவே சாலையை நிமிர்த்திவிட்டு, திசை மாறும் கணக்கைத் திசைகாட்டியிடம் ஒப்படைத்துவிட்டார். பட்டைக்குப் பட்டை அது திரும்பியிருப்பது அதற்காகத்தான். வடக்கு எங்கும் ஓடிப்போகவில்லை.

தலைகீழ் மலைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. உச்சி மேலே இருந்தால் உனக்கு ஏற்றம். உச்சி கீழே இருந்தால் இறக்கம். அவ்வளவுதான். "திரும்பி வரும்போது என்ன செய்வது?" என்று கேட்பாய், தெரியும். தாளைத் தலைகீழாகத் திருப்பு. தொங்கின மலை நிமிர்ந்துகொள்ளும், நிமிர்ந்தது தொங்கும். போகும்போது இறங்கியதை வரும்போது ஏறித்தானே ஆகவேண்டும்!

சாலையோரக் கோடுகளை நீ கவனித்திருக்கவே மாட்டாய், அவசரக்காரன். முழுக்கோடாக இருந்தால் இருபுறமும் வேலி உண்டு. புள்ளிக்கோடாக இருந்தால் திறந்த வெளி. இருட்டில் வழி தவறுவது திறந்த வெளியில்தான். அதனால் இது அலங்காரமில்லை, எச்சரிக்கை. சாலை பிரியும் இடத்தில் கிளையை ஒரு விரற்கடை மட்டும் வரைந்து, அது போகும் ஊரின் பெயரை எழுதியிருப்பார். பாலம், தேவாலயம், காற்றாலை எல்லாம் வரும். நம் ஊரில் "பிள்ளையார் கோயிலைத் தாண்டி, சோற்றாங்கைப் பக்கம் திரும்பு" என்று வழி சொல்வோமே, அதேதான்.

தூரம் மட்டும் குத்துமதிப்பு இல்லை. சக்கரம் ஒன்றை உருட்டி, அது சுற்றிய கணக்கை வைத்து அளந்தார்கள். ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் மைல் ஒரு நீளம். ஓகில்பி 1,760 கஜம்தான் மைல் என்று சட்டப்படியான அளவையே எங்கும் பிடித்தார். மைலுக்கு இரட்டைப் புள்ளியும் எண்ணும், பர்லாங்குக்கு ஒற்றைப் புள்ளி. நம் தாத்தாமார் "ரெண்டு பர்லாங் நடந்தால் வந்துவிடும்" என்பார்களே, அதே பர்லாங்.

அத்தனை பெரிய புத்தகத்தை யார் சுமப்பது என்று கேட்டிருக்கிறாய். அது நியாயம். சட்டைப் பைக்கு ஆனதல்ல அது. 1719, 1720 வாக்கில்தான் சிறிய பதிப்புகள் வந்து பயணிகளுக்குக் கைகொடுத்தன.

சாலையை இப்படிப் பட்டையாக்குவது அவரோடு தொடங்கியதும் அல்ல. ரோமானியச் சாலைப்படம் ஒன்றின் பழைய பிரதி வியன்னாவில் இருக்கிறது. ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம், ஓரடிக்குச் சற்று அதிக உயரம். மத்தியதரைக்கடலை வாய்க்கால் போல ஒடுக்கிவிட்டார்கள், சாலைகள் தெரிந்தால் போதும் என்று. அதன் கீழைக் கோடியில் நம் பழைய முசிறித் துறைமுகம் இருக்கிறது, பக்கத்திலேயே அகஸ்டஸ் கோயில் என்ற குறிப்போடு! அதைப் பார்த்த அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அடுத்து நீ செய்யப்போகிற தப்பையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பட்டையில் இருக்கும் ஊரைப் பக்கத்து ஊர் என்று நினைத்து ஸ்கேலை வைத்து அளக்காதே. நடுவில் பல மைல் இருக்கும். பட்டைக்கு வெளியே வெறுமையாக இருந்தால் பொட்டல்காடு என்றும் எண்ணாதே. அந்தப் பயணிக்கு அங்கே வேலை இல்லை, அதனால் வரையவில்லை.

இன்று ராத்திரி போனை அந்தப் பக்கம் வைத்துவிட்டு, லண்டனில் விரலை வைத்துக் கிளம்பு. கடைசிப் பட்டை முடிவதற்குள் எத்தனை மலை ஏறினாய், எத்தனை இறங்கினாய் என்று எண்ணி எழுது. நானும் எண்ணி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்