பல்கலைக்கழகம் தந்த கொள்முதல் அட்டை

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் உத்தியோகம் ஏற்றிருக்கும் எனக்குக் கொள்முதல் அட்டை ஒன்று தந்திருக்கிறார்கள். அதை எவ்வாறு உபயோகிக்க வேண்டும்?

பதில்: உங்கள் பெயர் பொறிக்கப்பட்டிருப்பினும், அந்த அட்டையின் வழியே செல்லும் ஒவ்வொரு டாலரும் மாணவர் கட்டணத்திலிருந்தோ, அரசாங்க மானியத்திலிருந்தோ, தர்மசிந்தையுள்ளோர் அளித்த நன்கொடையிலிருந்தோ, வேறு வருவாயிலிருந்தோ வந்து, உங்களை நம்பி ஒப்படைக்கப்பட்டது என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். ஆகவே, பின்னர் திருப்பிக் கட்டிவிடலாம் என்ற எண்ணத்துடன்கூடச் சொந்த உபயோகத்துக்கு ஒரு பொருளையும் வாங்கலாகாது. நெருங்கிய சகாவுக்காயினும் அட்டையைக் கைமாற்றித் தரலாகாது. உதாரணமாக, ஒரு முறைக்கு 5,000 டாலர் என்று வரம்பிருக்குமானால், 6,000 டாலர் பெறும் குளிர்பதனப் பெட்டியை இரண்டு பில்களாகப் பிரித்து வாங்குவது, பொருள் அத்தியாவசியமானதாகவே இருந்தாலும், விதிமீறலே ஆகும். மொத்தத் தொகையை மட்டும் காட்டும் ரசீது போதாது. இன்ன பொருள், இத்தனை எண்ணிக்கை, இன்ன விலை என்று விவரிக்கும் ரசீதை அன்றே பத்திரப்படுத்தி, வாங்கிய காரணத்தையும் அதில் குறித்து வையுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு விற்பனை வரி விலக்கு இருக்குமானால், பணம் செலுத்துமுன் அதற்குரிய சான்றிதழைக் காட்டுங்கள். மத்திய அரசின் ஆராய்ச்சி மானியக் கணக்கில் மதுபானச் செலவை எழுத இடமே இல்லை. சந்தேகம் எழுந்தால், வாங்கிய பின் சமாதானம் எழுதுவதைவிட, வாங்குமுன் கணக்கு அலுவலகத்தைக் கேட்டுத் தெளிவதே உத்தமம்.