தூண்டில் றீலும் தடியும்: வீட்டிலேயே பராமரிக்கும் முறை

வேலை முடிந்ததும் மண்வெட்டியைக் கழுவித் துடைத்து வைக்க வேண்டும் என்று எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு எப்போது எண்ணெய் மாற்றுவது என்பதும் எமக்குத் தெரியும். ஆனால் வயலையும் தோட்டத்தையும் விட்டுவந்து களப்போரத்திலும் குளக்கரையிலும் வாழ நேர்ந்த பின்னர், எம்மிற் பலருடைய கைக்குப் புதிதாக வந்த கருவி தூண்டில் றீல். சிலருக்கு வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பியது. சிலர் பழையதாக வாங்கியது. கடற்றொழிற் குடும்பங்களிற் பிள்ளைகள் சிறுவயதிலேயே தம் கருவிகளைப் பேணப் பழகிவிடுவர். விவசாயிகளாகிய நாம் அதை இப்போதுதான் கற்க வேண்டியுள்ளது.

1952இல் இலங்கைக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவில் இரண்டு மாலைக்குள் அகப்பட்டால், அன்றைய கறிச் செலவு மிச்சம். ஒரு கொடுவா அகப்பட்டால் அரிசிக்கும் காசு வரும். றீல் இறுகிப்போனாலோ, புதியது வாங்கப் பல நாட் கூலியைச் சேர்க்க வேண்டும். பழுதான றீல்களிற் பல தேய்ந்து கெட்டவை அல்ல. கழுவாமல் வைத்ததால் கெட்டவை.

உப்புச் செய்யும் வேலை

கடல்நீரும் களப்பு நீரும் காய்ந்ததும் தண்ணீர் போய்விடும், உப்பு இருந்துவிடும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால், கொட்டிலுக்குள் உலர்ந்த இடத்தில் வைத்தாலும் றீலின் உட்புறம் ஈரமாகவே இருக்கும். றீலின் உடலிலும் உருளையிலும் பெரும்பாலும் அலுமினியம் உண்டு. திருகாணிகளும் தண்டும் உருக்கு. இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீரும் சேர்ந்தால் அலுமினியம் வேகமாக அரிக்கப்படும். திருகாணியைச் சுற்றி வெள்ளைத் தூள் கட்டியிருந்தால் அரிப்புத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

குளத்தில் மட்டும் பிடிப்பவருக்கு இத்தொல்லை குறைவு. அவருக்குச் சேறும் பாசியுமே எதிரி. அவர் வாரமொருமுறை துடைத்தாற் போதும். களப்பிற் பிடிப்பவர் அன்றன்றைக்கே கழுவ வேண்டும்.

எந்தத் தண்ணீரில் கழுவுவது

இதில் நாம் சற்று நிற்க வேண்டும். கரையோரக் கிணறுகள் பல உவர்நீர்க் கிணறுகள். உவர்நீரில் கழுவிய றீல் காய்ந்ததும் மறுபடி உப்புப் பூத்துவிடும். ஆகவே நல்ல தண்ணீர் தேவை. குடிநீருக்கே பவுசரைப் பார்த்திருக்கும் இடத்தில் றீலுக்குத் தண்ணீர் எங்கே என்று கேட்பீர்கள். ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். மழைக்காலத்திற் கூரைத் தண்ணீரைப் போத்தல்களிற் சேமித்தால் அதுவும் உதவும். பிளாஸ்ரிக் போத்தலின் மூடியில் ஊசியால் ஏழெட்டுத் துளையிட்டு, போத்தலை நசுக்கித் தூவினால் தண்ணீர் வீணாகாது. குழாயைத் திறந்து வேகமாக அடிப்பதும், வாளிக்குள் றீலை அமிழ்த்துவதும் கூடாது. வேகமான தண்ணீர் வெளியே இருந்த உப்பையும் மணலையும் பற்சில்லுப் பெட்டிக்குள் தள்ளிவிடும்.

அன்றாடக் கழுவல்

முதலில் நூல் உருளையின் முன்னே இருக்கும் திருகை வலப்புறமாக நன்றாக இறுக்குங்கள். கடைக்காரர் இதனை டிராக் என்பர். மீன் இழுக்கும்போது நூலை அளவோடு விட்டுக்கொடுப்பது இதுவே. இதன் உள்ளே மெல்லிய தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். இறுக்கி விட்டால் அவற்றினிடையே தண்ணீர் போகாது.

பின்பு தண்ணீரைத் தூவி, உருளை, வளைகம்பி, கைபிடி, பாதம் என்று விரலால் தடவிக் கழுவுங்கள். வளைகம்பியின் ஓரத்தில் நூல் தவழ்ந்து செல்லும் சிறு உருள்சில்லு ஒன்று உண்டு. எல்லோரும் மறப்பது இதைத்தான். இது உப்பில் இறுகிச் சுழலாமல் நின்றுவிட்டால், நூல் ஒரே இடத்தில் உரசி உரசி அறுந்துபோகும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போனது என்று நாம் சொல்லும் கதைகளிற் சிலவற்றுக்கு இந்தச் சில்லே காரணம். அதை விரலால் உருட்டிப் பார்த்துத் தண்ணீர் விடுங்கள்.

உதறி, பழைய சாரத் துண்டால் ஒற்றி, நிழலிற் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். காய்ந்தபின் டிராக்கைத் தளர்த்திவிட வேண்டும். இறுகியபடியே நாட்கணக்கில் இருந்தால் உள்ளிருக்கும் கம்பளித் தட்டுகள் நசுங்கி, அடுத்த முறை மீன் இழுக்கும்போது நூல் சீராகப் போகாமல் திடீர் திடீரெனப் பிடிக்கும்.

றீல் மணலில் விழுந்தால் உடனே கைபிடியைச் சுற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். முதலில் மணலைக் கழுவுங்கள், பிறகு சுற்றுங்கள். ஒரு மணல் பற்சில்லுக்குள் போனாலே பல்லைத் தின்றுவிடும்.

குடும்பத்தில் மூவர் நால்வர் ஒரே றீலைப் பாவிப்பது வழக்கம். கடைசியாகப் பாவித்தவரே கழுவி வைப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். எல்லோருடையதும் என்றால் எவரும் கழுவார்.

எண்ணெயும் கிறீசும்

தேங்காயெண்ணெய் பூசும்படி பலர் சொல்வர். கத்திக்கும் அரிவாளுக்கும் அது பரவாயில்லை. றீலுக்கு வேண்டாம். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாட்போக்கிற் பிசினாகித் தூசியைப் பிடித்து இறுக்கிவிடும். தையல் இயந்திர எண்ணெயே நல்லது. சிறு போத்தல் ஒன்று பல மாதம் போகும். உருள்சில்லில் ஒரு துளி, கைபிடிக் குமிழில் ஒரு துளி, வளைகம்பி மடங்கும் இரு மூட்டிலும் ஒவ்வொரு துளி. உருளையைக் கழற்றினால் தெரியும் நடுத்தண்டில் ஒரு துளி விட்டுத் துடைத்துவிடுங்கள். டிராக்கின் கம்பளித் தட்டுகளில் மெல்லிய எண்ணெய் படக் கூடாது, பட்டால் வழுக்கும்.

மண்ணெண்ணெய் கழுவுவதற்கு மட்டுமே. அது பழைய கிறீசைக் கரைக்கும், தேய்மானத்தைத் தடுக்காது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, களப்பில் அடிக்கடி பிடிப்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பக்கமூடியைத் திறந்து பார்ப்பது நல்லது. சைக்கிள் பூட்டத் தெரிந்தவருக்கு இது கடினமன்று. பாயின்மேல் வெள்ளைத் துணி விரித்து, கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றிய ஒழுங்கிலேயே இடமிருந்து வலமாக வையுங்கள். பெரிய பற்சில்லின் இருபுறமும் கடதாசிபோன்ற மெல்லிய வாசர் இருக்கலாம். அது எந்தப் பக்கத்தது என்று கவனியுங்கள். கோழியும் குழந்தையும் அருகில் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

கறுத்த பழைய கிறீசைத் துணியால் துடைத்து, உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பற்தூரிகையால் தேயுங்கள். பிளாஸ்ரிக் பாகங்களுக்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும். நன்றாகக் காயவிட்டு, பற்களில் ஓர் உழுந்தளவு கிறீஸை இரண்டு மூன்று இடத்தில் வைத்துச் சுற்றினால் தானாகப் பரவும். சைக்கிள் கடையிற் கிடைக்கும் கிறீஸ் போதுமானது. நிறைய அப்பினால் றீல் பாரமாகச் சுழலும்.

ஓர் எச்சரிக்கை. கைபிடி பின்புறமாகச் சுழலாமல் தடுக்கும் சிறு உருளைக் கூடு புதிய றீல்களில் உண்டு. அதற்குள் கிறீஸ் போகக் கூடாது. போனால் மீன் இழுக்கும்போது கைபிடி பின்னோக்கிச் சுழன்று விரலில் அடிக்கும். எது எதுவென்று தெரியாவிட்டால் அதைத் தொடாமல் மூடிவிடுங்கள்.

தங்கூசி நூல்

தங்கூசி வலை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. நாம் பேசுவது தூண்டிலிற் கட்டும் தங்கூசி நூலைப் பற்றியே. இதற்கு முதல் எதிரி வெயில். கூரையிற் செருகி வைத்த தூண்டிலின் நூல் வெயில்பட்டு வெளிறி, விறைத்து, இழுத்தவுடன் அறும். இரண்டு விரல்களுக்கிடையே நூலை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டினால் அந்த இடம்வரை வெட்டிவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் முள்ளுக்கு மேலுள்ள ஒரு மீற்றரையாவது இப்படிச் சோதியுங்கள். சில நுளம்பு விரட்டிப் பூச்சுகள் சிலவகைப் பிளாஸ்ரிக்கைக் கெடுக்கும். பூசிய கையைக் கழுவிவிட்டு றீலைத் தொடுங்கள்.

நூல் பழுதாகிவிட்டது என்று முழுவதையும் எறிய வேண்டியதில்லை. வெளியே இருந்த பகுதிதான் அடிபட்டது. உள்ளே இருந்தது தண்ணீரையே காணாதது. நூலை ஒரு போத்தலிற் சுற்றியெடுத்து, தலைமாற்றி மறுபடி றீலிற் சுற்றினால் புதிய நூல் கிடைத்ததுபோலத்தான். சுற்றும்போது ஈரத் துணியால் நூலைப் பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். உருளையின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் குறைவாக நிரப்ப வேண்டும். அதிகமானால் வளையம் வளையமாகக் குதித்துச் சிக்காகும். மிகக் குறைந்தால் தூரம் போகாது. முடிச்சை இறுக்குமுன் எச்சிலாலோ தண்ணீராலோ நனையுங்கள். உலர்ந்த முடிச்சு உராய்ந்து சூடாகி நூலைப் பலவீனமாக்கும்.

அறுந்த நூலைக் கரையில் எறிய வேண்டாம். கொக்கின் காலிலும் ஆட்டின் காலிலும் சுற்றும். ஒரு போத்தலிற் சேர்த்து மூடி வையுங்கள்.

தடி

ஈரத்துணியில் சவர்க்காரம் தொட்டுத் துடைத்து, நல்ல தண்ணீரால் மறுபடி துடைத்தால் முடிந்தது. நூல் போகும் வளையங்களில் மட்டும் கவனம் வேண்டும். சிறு பஞ்சை வளையத்தினுள் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே வெடிப்பு உண்டு, அது நூலை அறுக்கும். அந்த வளையத்தை மாற்றாமல் வேறு நூல் வாங்குவது வீண் செலவு.

இரண்டு துண்டாகப் பூட்டும் தடியின் பொருத்தில் மணல் இருக்கக் கூடாது. தளர்ந்திருந்தால் மெழுகுதிரியைச் சிறிது தேயுங்கள். தடியைச் சுவரிற் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளையும். இரண்டு ஆணி அடித்து அதன்மேல் கிடையாக வையுங்கள்.

காபன் தடி மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பியின் கீழ் அதை நிமிர்த்திப் பிடிப்பதும், ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கும்போது நீர்க்கரையிற் பிடித்துக்கொண்டு நிற்பதும் உயிராபத்து.

தடி வாங்க வசதியில்லாதவர் முற்றிய மூங்கிலை வெட்டி, சில வாரம் தண்ணீரில் ஊறவிட்டு, நிழலிற் படுக்கவைத்துக் காயவிடலாம். ஊறும்போது மாச்சத்துக் கரைவதால் வண்டு துளைப்பது குறையும். மூங்கில் தேடிப் பற்றைகளுக்குள் போகும்போது, மிதிவெடி அபாயப் பலகை நிற்கும் இடத்துக்குள் எக்காரணத்துக்கும் கால் வைக்கக் கூடாது.

முள்ளும் ஈயமும்

பாவித்த தூண்டில் முள்ளை நல்ல தண்ணீரிற் கழுவிக் காயவைத்து, எண்ணெய்த் துணியிற் சுற்றுங்கள். நகத்தின்மேல் மெதுவாக வைத்து இழுக்கும்போது வழுக்கினால் கூர் போய்விட்டது. சிறு அரத்தால் தீட்டலாம். எதிர்முள் தசைக்குள் போய்விட்டால் இழுத்துப் பிடுங்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். ஏற்புத் தடுப்பூசியும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஈயக் குண்டைப் பல்லாற் கடித்து நூலில் இறுக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. ஈயம் நஞ்சு. குறடு பாவியுங்கள். சமையற் சட்டியில் ஈயம் உருக்குவதையும், அடுப்படியிற் குழந்தைகள் இருக்கையில் உருக்குவதையும் அறவே விடுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே சாப்பிட வேண்டும்.

குளத்திற் பிடிக்க முன்னர் அவ்விடத்து மீனவர் சங்கத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல குளங்களில் மீன்குஞ்சுகளை விட்டு வளர்ப்பது அவர்களே. மாரியிற் பிடிக்கப் போகாத வாரங்களில் றீலைப் பொலித்தீன் பையிற் கட்டி வைக்க வேண்டாம். உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். துணிப்பையில் இட்டு, கிழமைக்கு ஒருமுறை எடுத்து, கைபிடியை நாலைந்து தரம் சுற்றிவிட்டு வையுங்கள்.